கானாடுகாத்தான் வீட்டு இணைய இணைப்பு: நிறுத்தச் சொல்லியும் 3 மாதமாக பில்

தொலைபேசியில் நிறுத்தச் சொன்னது போதாது. இணைப்பு உங்கள் அப்பத்தா பெயரில் இருப்பதால், அவர் கையெழுத்திட்ட கடிதத்தை இணைய நிறுவனத்திடம் கொடுத்துக் கோரிக்கை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பில் தொடர்வதற்குத் திருப்பித் தராத மோடமும் காரணமாக இருக்கலாம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் அது யார் கண்ணிலும் படாது. எங்கள் வீட்டில் முகப்புத் தூணுக்குப் பின்னால், ஒட்டடைக்குள் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது! வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்துவிட்டு, அடாப்டரோடு ஒப்படைத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்; பின்னால் மோடத்துக்குப் பணம் கேட்டால் அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

யுபிஐ செயலியில் ஆட்டோபே (கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாடு) பட்டியலையும் பாருங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். பழைய குறுஞ்செய்திகளில் தேடுங்கள்.

ஆனால் ஆட்டோபேயை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். இணைப்பு உயிரோடு இருந்தால் பாக்கி அப்பத்தா பெயரில் ஏறும்.

புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.