கம்பனி வேலைக்குப் போனால் அரச நியமனம் போய்விடுமா? – வாசகர் கேள்வி பதில்

கே: கலைப்பட்டம் முடித்து இரண்டு வருடம். கிளிநொச்சியில் ஒரு நிதிக் கம்பனி வேலைக்குக் கூப்பிடுகிறது. "சேமலாப நிதியில் பேர் விழுந்தால் அரச நியமனம் கிடையாது, போகாதே" என்கிறார்கள் வீட்டில். உண்மையா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

போகலாம். ஆனாலும் வீட்டார் சும்மா பயப்படவில்லை. 2020 இல் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் (முதலாளியும் ஊழியரும் மாதாமாதம் காசு போடும் ஈ.பி.எஃப்.) பெயர் இருந்த பலர் 'வேலை உள்ளவர்' என்று முதலில் தள்ளுப்பட்டார்கள். மேன்முறையீடு, கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம் என்று அலைந்தார்கள். அந்தக் கதைதான் இன்னும் வன்னியில் வீடு வீடாக ஓடித் திரிகிறது.

அது வேலையற்றோருக்கென்றே வகுத்த திட்டம். வர்த்தமானியில் வரும் போட்டிப் பரீட்சைகள் வேறு வகை. அங்கே பார்ப்பது வயது, பட்டம், புள்ளி. தனியாரிடம் சம்பளம் வாங்குவது தடையில்லை. வருமா வராதா என்று தெரியாத ஒரு திட்டத்துக்காகக் கைக்கு வரும் வேலை அனுபவத்தை விடுவது நட்டக் கணக்கு.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளைகளின் இந்தப் பயத்தைச் சில முதலாளிமார் நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். "உங்கள் நன்மைக்குத்தான் நிதியில் போடவில்லை" என்பார்கள். கணக்குப் பாருங்கள். சம்பளம் 40,000 ரூபா என்றால் உங்களிடம் கழிப்பது 8 வீதம், 3,200 ரூபா. முதலாளி தன் கையால் போடவேண்டியது 12 வீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 1,200, அதுவும் அவர் தலையில்தான். ஆக, நீங்கள் வேண்டாம் என்றால் மாதம் 6,000 ரூபா அவருக்கு மிச்சம்.

'தகுதிகாண் காலம் முடியட்டும்' என்பதும் செல்லாது. முதல் நாளிலிருந்தே போடவேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியை வாழ்க்கைச் செலவுப்படி, சாப்பாட்டுப்படி என்று பிரித்துக் காட்டினாலும் அந்தப் படிகளும் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. நியமனக் கடிதமும் மாதாமாதம் சம்பளச் சிட்டையும் கேட்டு வாங்குங்கள். சிட்டையில் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

கே: அரச வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் அனுமதி அட்டை வரவில்லை. காரணமும் சொல்வதில்லை.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பெரும்பாலும் சின்னப் பிழைதான். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தாமல் விடுவது. அத்தாட்சி செய்பவர் ஒப்பமிட்டுப் பதவி முத்திரையை மறப்பது. கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரையோ பரீட்சையின் பெயரையோ எழுதாதது. கடைசி நாளுக்கு முதல் நாள் முல்லைத்தீவில் தபாலில் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேரும் என்று நம்புவது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் படிவத்தின் பிரதியோடு குத்தி வையுங்கள். அது இல்லாவிட்டால் பரீட்சைத் திணைக்களத்தில் பேச உங்களிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொரு தொல்லை, பெயர். 2009 இல் பத்திரங்களைத் தொலைத்துப் பிறகு பிரதி எடுத்தவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழில் 'தர்சினி', அடையாள அட்டையில் 'தர்ஷினி', பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் 'எச்' எழுத்து ஒன்று கூடுதலாக. இன்றே ஐந்தையும் மேசையில் விரியுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரம், உயர் தரம், பட்டம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். நேர்முகப் பரீட்சையில் அநேகமாக அது போதும். பிறப்புப் பதிவே பிழையென்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்காகலாம், நேர்முகக் கடிதம் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

கே: பெறுபேறு வந்துவிட்டது, பட்டமளிப்பு நடக்கவில்லை. விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, நெடுங்கேணி

பட்டமளிப்பு நாளை யாரும் பார்ப்பதில்லை. பட்டம் செல்லுபடியாகும் திகதி, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தியதா என்பதுதான் கேள்வி. அந்தத் திகதி போட்ட கடிதத்தைப் பல்கலைக்கழகப் பதிவாளர் கிளையில் வாங்குங்கள். திகதி இல்லாத பெறுபேற்றுத் தாளை மட்டும் இணைத்துத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

கே: மகன் பட்டதாரி. இப்போது மின்னிணைப்பு படிக்கப் போகிறேன் என்கிறான். ஊர் சிரிக்காதா?
– தந்தை, மாங்குளம்

சிரிக்கும் ஐயா, கொஞ்ச நாளைக்கு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் மாங்குளத்திலிருந்து ஏ-9 வீதியில் பஸ்ஸில் போய்வரும் தூரம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம்? நான்காம் மட்டம் என்றால் தனியே நின்று வேலை செய்யத் தெரிந்தவர் என்று பொருள். மட்டம் போடாத 'டிப்ளோமா'வுக்குக் காசு கட்டாதீர்கள்.

கே: விசிட் விசாவில் போனால் அங்கே வேலை விசாவுக்கு மாற்றித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார்.
– வாசகர், மல்லாவி

கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தையும் அந்த வேலைக்கு அனுமதி எடுக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். இலக்கம் கேட்டவுடன் முகவர் கோபிப்பாரானால், அதுவே பதில்.