என் தோட்டத்துல எனக்கே வேலை இல்லையா?

வணக்கம் மேடம். எனக்கு 56 வயசு, தண்டையார்பேட்டை. கொஞ்ச வருஷமா முடக்குவாதம், டாக்டர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சீட்டுல எழுதிக் குடுத்தாரு, வாரத்துக்கு ஒருதரம் போடுற மாத்திரை ஓடுது. மாடியில கத்திரி, வெண்டை, புதினா, ஒரு மல்லி எல்லாம் வெச்சிருக்கேன், லாரி தண்ணிக்கு குடத்தோட நின்ன காலத்துலயே அரிசி கழுவுன தண்ணிய ஊத்தி காப்பாத்துன செடிங்க மேடம். போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப மருமக செடி வெச்சிருக்கற எல்லா பையையும் இரும்பு ஸ்டாண்டு மேல ஏத்திட்டா. ஒரு வார்த்தை கேக்கல. குடத்தை எடுத்து உள்ள வெச்சுட்டு பைப் மாட்டிட்டா. கேட்டா "அத்தை, நீங்க பறிச்சா மட்டும் போதும்"ங்கறா. பையன் அவ பக்கம். இவரு பேப்பர்ல இருந்து தலைய தூக்க மாட்டாரு. காலையில 6 மணிக்கு மாடியில போய் நிக்கிறதுதான் எனக்கு நிம்மதி, களைக்கொத்து புடிக்க முடியலதான், அதுக்காக என் வேலைய புடுங்கிக்கிறதா? வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குக் கூட இப்ப போறதில்ல, ஜாக்கெட் கொக்கி போட வெரல் வர மாட்டேங்குது, நைட்டியோடவா போக முடியும், சரி அது கெடக்கட்டும். அவ்ளோ ஒசரத்துல வெச்சா கடல் காத்துக்கு செடி சாயாதா? கேக்காம கொள்ளாம எப்படி மேடம் ஏத்தலாம்?

பதில்:

அம்மா, ஸ்டாண்டு பத்தி சுத்திச் சுத்தி எழுதியிருக்கீங்க, ஜாக்கெட் கொக்கியை ஒரே வரியில சொல்லிட்டு கெடக்கட்டும்னு தள்ளிட்டீங்க. அந்த வரியைத் தாண்டி என்னால போக முடியல. கோயிலை ஏன் விட்டீங்கன்னு வீட்டுல யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறேன். வெரல் வரலன்னு சொல்லிட்டா யாராச்சும் வந்து கொக்கி போட்டுவிடணும், அது அனேகமா மருமகளாத்தான் இருக்கும். அந்தக் கூச்சம்தான் இப்ப மாடியில கோவமா வருது. கீழ எல்லார்கிட்டயும் மறைச்சுட்டீங்க, செடிங்க எதுவும் கேக்காது, அங்கயும் ஒருத்தி வந்து உங்க கையைப் பாத்துட்டா.

பாத்துட்டு என்ன செஞ்சா? செடிங்களைத் தூக்கிப் போடலையே. பையை இடுப்பு ஒசரத்துக்குக் கொண்டு வந்தா, குடத்துக்குப் பதிலா பைப் குடுத்தா. குனியாம, குந்தாம, கனம் தூக்காம வேலை செய்யுங்கன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்றதும் இதேதான். கேக்காம செஞ்சது தப்பு, "பறிச்சா போதும்"னு சொன்னது அதைவிட தப்பு, ரெண்டையும் நேராவே அவகிட்ட சொல்லுங்க. ஆனா ஸ்டாண்டு விஷயத்துல நான் அவ பக்கம்தான், கோச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, காலை 6 மணி உங்களுக்கு ஒத்துவராத நேரம். இந்த நோய்ல எந்திரிச்சதும் வெரல் இறுகித்தான் இருக்கும், தளர ஒரு மணி நேரத்துக்கு மேலகூட ஆகும். அந்த நேரத்துல களைக்கொத்தைப் புடிச்சுப் பாத்துட்டு நம்ம கை போச்சுன்னு தெனமும் நொந்துக்கறீங்க. வெயில் தாழ்ந்ததும் சாயங்காலம் போங்க. கைப்பிடியில பழைய சைக்கிள் டியூபைச் சுத்திட்டா தடிமனாகும், இறுக்கிப் புடிக்க வேணாம். ஒரே வேலையை ரொம்ப நேரம் இழுக்காதீங்க, மூட்டு வீங்கி சூடா இருக்கற அன்னிக்கு சும்மா இருங்க. எந்தப் பையில எதைப் போடணும், எப்ப உரம் வெக்கணும், இதெல்லாம் உங்க முடிவுதான், அவளுக்குச் சொல்லிக்குடுங்க.

டெய்லர்கிட்ட குடுத்தா கொக்கிக்குப் பதிலா வெல்க்ரோ வெச்சுத் தருவாரு. ஆனா அவருகிட்ட அடுத்த வாரம் போலாம். இந்த வெள்ளிக்கிழமை மருமகளைக் கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் போட்டு விடும்மா"ன்னு கேளுங்க. கொக்கி போட முடியலன்னு டாக்டர்கிட்டயும் சொல்லணும், மருந்து போதுமா இல்லையான்னு அவரு பாக்கறதுக்கு அது வேணும்.

காத்துக்குச் சாயுமான்னு கேட்டீங்க, சாயும். ஐப்பசி கார்த்திகையில புயல்னு சொன்னா எல்லா பையையும் தரைக்கு எறக்கியாகணும். நீங்க தூக்கக் கூடாது, அவளைக் கூப்பிடுங்க.