வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: தண்டுவட அழற்சிக்குப் பிறகு வீட்டில்

கேள்வி: என் கணவருக்கு வயது 36. இரண்டு மாதங்களுக்கு முன்பு காய்ச்சல் வந்து போன பத்தாம் நாள், வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல் இருக்கிறது என்றார். மறுநாள் கால்கள் அசையவில்லை, சிறுநீரும் பிரியவில்லை. 'ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்' என்று சொல்லி ஐந்து நாட்கள் ஊசி போட்டார்கள். இப்போது கால் விரல்கள் மட்டும் அசைகின்றன. அவர் நடப்பாரா? எண்ணெய் தேய்த்துச் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்பது தண்டுவட அழற்சி. காய்ச்சலை விரட்ட எழுந்த நோய் எதிர்ப்பு சக்தி, சிலருக்கு வழி தவறித் தண்டுவடத்தையே தாக்கிவிடுகிறது. தாக்கிய இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை இறங்குவதில்லை, கீழிருந்து உணர்வும் ஏறுவதில்லை. உங்கள் கணவருக்குப் போட்டது பெரும்பாலும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டாக இருக்கும். நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் செலுத்துவது வழக்கம். அதில் பலன் போதாதவர்களுக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை உண்டு.

நடப்பாரா என்பதற்கு உறுதிமொழி தர எனக்கு மனம் வரவில்லை. இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகத் தேறுகிறார்கள், ஒரு பங்கினர் ஓரளவு தேறுகிறார்கள், எஞ்சியவர்களுக்குக் கடும் குறைபாடு தங்கிவிடுகிறது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் வந்தாலும், இரண்டு ஆண்டுகள் வரைகூட அது தொடரலாம். விரல்கள் அசையத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி.

ஆனால் சகோதரி, வீட்டில் எல்லோரும் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, கவனிப்பாரின்றிக் கெடுவது சிறுநீர்ப்பையும் தோலும்தான். சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தேங்கினால் கிருமித்தொற்று வரும். நாளடைவில் சிறுநீரகமே பழுதடையும். நிரந்தரமாக டியூப் வைத்திருப்பதைவிட, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூபைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே நீக்கும் முறை பெரும்பாலோருக்கு நல்லது. கைகள் நன்றாக இயங்குவதால் அவரே இதைக் கற்றுக்கொள்ள முடியும். கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும்.

ஒத்தடம் கொடுக்காதீர்கள். உணர்வில்லாத தோலுக்குச் சூடு தெரியாது. அக்கறையோடு வைத்த வெந்நீர்ப் பையால் ஓர் இளைஞரின் குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி, அது ஆற நான்கு மாதங்கள் ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு மாதங்களும் அவர் நின்று பழகியிருக்க வேண்டிய காலம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். தினமும் குளிப்பாட்டியதும் வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு எலும்புகள், குதிகால் ஆகிய இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தி எடுத்தும் மறையாத சிவப்பு இருந்தால், அதுவே படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

கால் தானாக வெட்டி இழுத்தால் பலம் திரும்பிவிட்டதென்று நம்பிவிட வேண்டாம், அது தசை இறுக்கம். அதற்கு பேக்லோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது. பிசியோதெரபியை ஒரு நாளும் விட வேண்டாம். 1954-இல் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர், வேலூர் சி.எம்.சி. மறுவாழ்வுத் துறையை வளர்த்தெடுத்தவரும் அவரே. அத்தகைய மறுவாழ்வு மையம் ஒன்றில் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறுவது இருவருக்குமே உதவும்.

கேள்வி: என் தங்கைக்கு இதே நோய். ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் இருப்பதாகச் சொல்லி அசதியோபிரின் மாத்திரை தருகிறார்கள். ஓராண்டாக நலமாக இருக்கிறாள். நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது. பெரும்பாலோருக்கு ஒருமுறையோடு நின்றுவிடும் இந்த அழற்சி, அந்த எதிர்ப்பொருள் (நம் உடலையே தாக்கும் ஒரு புரதம்) உள்ளவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரக்கூடியது. கண் நரம்பையும் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடியது. அவர் நலமாக இருப்பதற்கு, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். ரத்த அணுக்கள், கல்லீரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்யுங்கள். திருமணம், கருத்தரிப்பு பற்றிப் பேச்சு எழும்போது நரம்பியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; மருந்தை மாற்றுவதா, தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்வார்.