வேலைக்கு அமெரிக்கா போறேன், ரெஸ்டாரண்ட்ல சாப்பிட என்னென்ன இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும்?

நம்ம மதுரை புரோட்டா கடைன்னா "அண்ணே, இங்கிட்டு கொஞ்சம் சால்னா"ன்னு ஒரு குரல் விட்டா போதும், அங்க அது செல்லாது தம்பி. காலியா இருக்கேன்னு நேரா போய் உக்காந்துறாதீங்க, பெரிய ரெஸ்டாரண்ட்ல வாசல்லயே நின்னு "டேபிள் ஃபார் டூ, ப்ளீஸ்"னு சொன்னா அவங்களே கூட்டிட்டுப் போவாங்க. தண்ணிக்கு "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?"னு (சாதா தண்ணியா, சோடா மாதிரி கேஸ் தண்ணியான்னு) கேட்டா உஷார், ரெண்டுமே அநேகமா காசு பாட்டில்தான், "டேப் வாட்டர் இஸ் ஃபைன்"னு சொல்லுங்க, ஓசியில வரும்.

ஆர்டருக்கு "கேன் ஐ ஹேவ் த..."ன்னு ஆரம்பிங்க. மெனுல "ஆந்த்ரே" (Entrée)ன்னு இருந்தா அங்க அது மெயின் சாப்பாடு.

நம்மாளுக மாட்டுறது கறி விஷயத்துலதான். மாடு, பன்னி ஆகாதுன்னா "டஸ் திஸ் ஹேவ் எனி பீஃப் ஆர் போர்க்?"னு ஒவ்வொண்ணுக்கும் கேளுங்க, கூச்சப்படாதீங்க, வெறும் பீன்ஸ்னு நினைச்சு வாங்குனா அதுலயும் பேக்கன், அதாவது பன்னிக்கறி கெடக்கும். சுத்த சைவம்னா வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா பத்தாது, அதுல முட்டை வரும், அதனால "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்ஸ்"னு பிரிச்சே சொல்லிருங்க. சீசர் சாலட்னு இலை தழையா ஒண்ணு வரும், அந்த டிரெஸ்ஸிங்லகூட நெத்திலி மாதிரி மீனை அரைச்சு விட்டுருப்பாங்க!

மிச்சத்தை கட்ட "கேன் ஐ கெட் எ பாக்ஸ்?", பில்லுக்கு "செக், ப்ளீஸ்". டிப்ஸ் 15-லருந்து 20 சதவீதம் வைக்கணும், ஆனா பில்லுல கிராஜுவிட்டின்னு ஏற்கனவே போட்டிருந்தா அதுவே டிப்ஸ்தான், ரெண்டாவது தடவை குடுக்காதீங்க.