கில்கெனியில் கவுன்டி அணியைவிட ஊர் கிளப்பைப் பெரிதாகப் பேசுகிறார்களே, ஏன்? கிளப் ஹர்லிங் சாம்பியன்ஷிப்பில் எந்த ஆட்டத்தைப் போய்ப் பார்க்கலாம்?

கேள்வி கேட்டவர் வேலைக்காக அயர்லாந்தின் கில்கெனிக்கு இந்த வருடம்தான் வந்திருக்கிறார். ஆகஸ்ட் பிறந்ததும் அலுவலகத்தில் எல்லாரும் கிளப், கிளப் என்றே பேசுகிறார்களாம். கட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டமான ஹர்லிங்கில் கில்கெனி கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அணிதான் உலகப் புகழ் பெற்றது, அப்படியிருக்க பக்கத்து கிராமத்து ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம், எந்த கிளப்பை ஆதரிப்பது என்று கேட்கிறார். நானும் சில வருடங்களாக இதே ஊரில்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் இறுதிப் போட்டியை விட்டுவிடுங்கள், கடைசி இடத்துக்கான ஆட்டத்தைப் பாருங்கள். கீழ்ப் பிரிவுக்கு யார் இறங்குவது என்று தீர்மானிக்கும் ஆட்டம் அது. அதைப் பார்த்துவிட்டால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆட்டம் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை. ஒரு அணிக்கு 15 பேர். கையில் ஹர்லி என்கிற தட்டையான மரக்கட்டை. பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்தது; மரங்களுக்கு நோய் வந்ததால் இப்போது மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் செய்ததையும் நிறையப் பார்க்கலாம். பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர், தோல் போர்த்திய சின்னப் பந்து. வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. ஸ்கோரை முதலில் கோல், பிறகு புள்ளி என்று இரண்டு எண்ணாக எழுதுவார்கள். 2022 பிப்ரவரியில் நடந்த அகில அயர்லாந்து கிளப் இறுதிப் போட்டியில் வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர் எடுத்தது 2-17, கில்கெனியின் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் எடுத்தது 1-19. கூட்டிப் பாருங்கள், 23க்கு 22. ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் விழுந்த ஒரு கோலில் பாலிஹேல் தோற்றது. அதைப் பற்றி இங்கே யாரிடமும் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது. கவுன்டி அணியில் ஆடும் நட்சத்திரமானாலும் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கோ பண்ணைக்கோ வேலைக்குப் போக வேண்டியவர்தான். கிளப் மாறுவதும் சுலபம் இல்லை. கில்கெனியில் பங்கு (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி) விதி இருக்கிறது: நீங்கள் எந்தக் கத்தோலிக்கப் பங்கின் எல்லைக்குள் வளர்ந்தீர்களோ அந்தப் பங்கின் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் கனம் சட்டென்று உறைக்காது. உங்கள் ஊரில் நல்ல கோல்கீப்பர் இல்லையா? இன்னொரு ஊரிலிருந்து கூட்டி வர முடியாது. பத்து வயதுப் பையன்களில் ஒருவனைப் பிடித்துப் பழக்கி, பத்து வருடம் காத்திருக்க வேண்டியதுதான். நடுவில் அவன் வேலை தேடி சிட்னிக்கோ வான்கூவருக்கோ போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

அதனால்தான் ஒரு அணியைப் பார்த்தால் ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வரும். பாலிஹேல் இதற்கு உச்சகட்ட உதாரணம். பாலிஹேல், நாக்டாஃபர், நாக்மாய்லன் என்று பக்கத்துப் பக்கத்துச் சிறு ஊர்கள் சேர்ந்து 1972இல் உருவான கிளப் அது. 1981இல் அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை முதல்முறை வென்றபோது ஃபெனலி குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் ஏழு பேர் அணியில் இருந்தார்கள். பதினைந்தில் ஏழு! அப்புறம் ஹர்லிங்கின் பெரிய நட்சத்திரங்களான ஹென்றி ஷெஃப்லின் வந்தார், டி.ஜே. ரீட் வந்தார். 2023 ஜனவரி வரை ஒன்பது முறை அகில அயர்லாந்து கிளப் பட்டம். வேறு எந்த கிளப்பும் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட இல்லை. இவ்வளவுக்கும் அந்த ஊரைக் காரில் கடக்கும்போது வேகத்தைக் குறைக்காவிட்டால் ஊர் போனதே தெரியாது.

சாம்பியன்ஷிப் அமைப்பைப் பார்ப்போம். மேல்மட்டமான சீனியர் பிரிவில் 12 கிளப்புகள். முதலில் இரண்டு குழுவாகப் பிரிந்து லீக் ஆடுவார்கள், பிறகு நாக்அவுட். லீக்கில் மேலே முடித்தவர்கள் நேராகக் காலிறுதிக்குப் போவார்கள், மற்றவர்கள் முதல் சுற்று ஆடி வர வேண்டும். லீக்கில் சுமாராக ஆடிய அணிகூட அதற்குப் பிறகு நான்கு ஞாயிறுகள் நன்றாக ஆடிவிட்டால் கோப்பையைத் தூக்கிவிடலாம். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. கடைசிவரை யாரும் ‘இனி நமக்கு என்ன’ என்று சாய்ந்து உட்கார முடியாது. இறுதிப் போட்டி வழக்கமாக அக்டோபரில், நகரத்துக்குள்ளேயே இருக்கும் நோலன் பார்க் மைதானத்தில் நடக்கும்.

அடியில் மாட்டிக்கொள்பவர்கள் கதை வேறு. இறக்க ஆட்டத்தில் தோற்கிற ஒரு கிளப் அடுத்த கீழ்ப் பிரிவான இன்டர்மீடியட்டுக்கு இறங்கும், அங்கே சாம்பியன் ஆகிற ஒரு கிளப் மேலே ஏறும். ஒரே கதவு, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே போனவர் திரும்பி வர வேண்டுமானால் அங்கே முதலிடம் பிடித்தே ஆக வேண்டும், இரண்டாமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. கில்கெனியில் இன்டர்மீடியட் என்றால் லேசாக நினைத்துவிடாதீர்கள். இங்கே அந்தப் பிரிவை வென்றுவிட்டு கவுன்டிக்கு வெளியே ஆடப் போகிறவர்கள் அகில அயர்லாந்து இன்டர்மீடியட் பட்டத்தையும் அடிக்கடி தூக்கி வந்துவிடுகிறார்கள்: 2013இல் தாமஸ்டவுன், 2014இல் ரோவர்-இனிஸ்டீக், 2016இல் பென்னட்ஸ்பிரிட்ஜ், 2017இல் கேரிக்‌ஷாக், 2020இல் டுல்லாரோன், 2024இல் மறுபடி தாமஸ்டவுன். நாட்டிலேயே சிறந்த இன்டர்மீடியட் அணியாக இருந்தால்தான் கில்கெனியின் அந்தக் கதவு திறக்கும் என்பதுபோல ஆகிவிட்டது.

இந்தப் பட்டியலில் டுல்லாரோன் பெயரைக் கவனித்தீர்களா? கில்கெனி சீனியர் பட்டத்தை இருபது முறை வென்ற கிளப் அது. மிகப் பழைய பெருமை. லோரி மாஹர் என்ற பழைய நட்சத்திரத்தின் ஊர், அவர் பெயரில் இன்றும் ஒரு கவுன்டி அளவுக் கோப்பை நடக்கிறது. அப்படிப்பட்ட கிளப்பே கீழே இறங்கி, இன்டர்மீடியட்டில் கிடந்து, ஏறி வர வேண்டியிருந்தது. பெருமைக்கு இங்கே சலுகை கிடையாது. பாலிஹேல் 2018 முதல் 2022 வரை ஐந்து வருடம் விடாமல் வென்று, அந்த இருபது என்ற எண்ணிக்கையைத் தொட்டது.

எதிர்த்திசையில் போன கதைதான் தாமஸ்டவுன், என்னைக் கேட்டால் அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த கிளப் கதை அதுதான். 2023இல் அவர்கள் இன்டர்மீடியட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே 2023இல் நகரத்து கிளப்பான ஓ'லாக்லின் கேல்ஸ், பாலிஹேலின் ஐந்து வருட ஓட்டத்தை இறுதிப் போட்டியில் நிறுத்தியது. அங்கிருந்து லென்ஸ்டர் மாகாணப் பட்டம், அதற்குப் பிறகு 2024 ஜனவரியில் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி. கால்வேயின் செயின்ட் தாமஸ் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அதாவது நாட்டின் உச்சிக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்ற அணி. அதே 2024இல், சீனியருக்கு ஏறி வந்த முதல் வருடத்திலேயே, தாமஸ்டவுன் கில்கெனி இறுதிப் போட்டியில் அந்த ஓ'லாக்லின் கேல்ஸையே வீழ்த்திவிட்டது. தாமஸ்டவுனுக்கு அதற்கு முந்தைய சீனியர் பட்டம் 1946இல். நடுவில் இரண்டு தலைமுறை கோப்பையைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, கவுன்டி அணியைவிட கிளப் பெரிதா என்ற கேள்வி. கில்கெனி 36 முறை அகில அயர்லாந்து சாம்பியன், வேறு எந்தக் கவுன்டிக்கும் அவ்வளவு கிடையாது. ஜூலையில் கவுன்டி ஆட்டம் என்றால் கடைத்தெரு முழுக்கக் கறுப்பும் அம்பர் மஞ்சளுமாக மாறிவிடும். ஆனால் கவுன்டி அணியில் உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிளப்பில் பதினைந்து பேரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள். அப்புறம், இங்கே கிளப் சாம்பியன்ஷிப்பின் கை கவுன்டி அணிக்குள்ளேயே நீள்கிறது, பலருக்குத் தெரியாத விஷயம் இது. கில்கெனியில் சீனியர் பட்டம் வெல்கிற கிளப்தான் அடுத்த வருடக் கவுன்டி அணித் தலைவரின் பெயரைச் சொல்லும். மேலாளரின் தேர்வு இல்லை. கிளப் சொல்கிற ஆள்தான் தலைவர்.

இதன் விளைவுகள் விசித்திரமானவை. 2006இல் பாலிஹேல் வென்றது, அதனால் 2007இல் ஷெஃப்லின் தலைவர். 2007 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்து பாதியில் வெளியேறியவர், பிறகு கோப்பையைத் தூக்கினார். அதிலாவது சர்ச்சைக்கு இடமில்லை, அவர் எந்த அணியிலும் தலைவர் ஆகியிருப்பார். 2013இல் கிளாரா என்ற சிறு கிளப் வென்றது. 2014க்கு அவர்கள் சொன்ன பெயர் லெஸ்டர் ரயன். வருடம் போகப் போக அவருக்கு முதல் பதினைந்து பேரில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் தலைவர் பதவி அவரிடமே இருந்தது. அணி வென்றது, மாற்று ஆட்டக்காரர் வரிசையிலிருந்த தலைவர் மேடையேறிக் கோப்பையை வாங்கினார். 2015இல் பாலிஹேலின் ஜோயி ஹோல்டன், 2016இல் மறுபடி கிளாரா, ஷேன் பிரெண்டர்காஸ்ட். தாமஸ்டவுன் வென்றதால் 2025இல் ஜான் டொனலி.

இது முட்டாள்தனம் என்று சொல்பவர்கள் கில்கெனியிலேயே இருக்கிறார்கள். ஒரு அணிக்குத் தலைவன் யார் என்பதை முந்தைய வருட அக்டோபரில் நடந்த ஒரு ஆட்டம் ஏன் தீர்மானிக்க வேண்டும், வருடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருந்தால் அணிக்கு என்ன நிலைத்தன்மை என்று கேட்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனாலும் நான் இந்த வழக்கத்தின் பக்கம். கவுன்டி அணி எங்கிருந்து வருகிறது என்பதை வருடா வருடம் நினைவுபடுத்த இதைவிட நல்ல ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: ஜூலைவரை கவுன்டி அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர்கள், ஆகஸ்டில் எதிரெதிர் கிளப்பில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள். 2022இலிருந்து வருடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், முதல் பாதி கவுன்டிக்கு, இரண்டாம் பாதி கிளப்புக்கு. முன்பு கவுன்டி அணி தோற்கும்வரை கிளப் ஆட்டங்கள் தேதி தெரியாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்று பழைய ஆட்கள் புலம்புவார்கள். கவுன்டிக்கு ஆடாத சாதாரண ஆட்டக்காரன் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கக்கூட முடியாது. இப்போது அந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

எங்கே போவது? லீக் ஆட்டங்களுக்கு கால்லன், தாமஸ்டவுன் மாதிரி ஊர்களில் இருக்கும் கிளப் மைதானங்களுக்குப் போங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், ஹர்லிகள் மோதும் சத்தம் காதில் விழும், தொலைக்காட்சியில் அது வரவே வராது. கம்பங்களின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நிற்பார்கள். பச்சைக் கொடி ஆட்டினால் கோல், வெள்ளைக் கொடி என்றால் ஒரு புள்ளி. ஸ்கோர்போர்டு பார்க்காமலே கொடியை வைத்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிளப் ஆட்டம் ஒரு மணி நேரம்தான், சீனியர் கவுன்டி ஆட்டம்போல 70 நிமிடம் இல்லை. குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், இடைவேளையில் அவர்களும் கட்டையோடு மைதானத்தில் இறங்கிவிடுவார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மழைக்கோட்டை மறக்க வேண்டாம்.

நான் சொன்ன இறக்க ஆட்டத்துக்குக் கூட்டம் பெரிதாக இருக்காது. வருகிற எல்லாரும் சொந்தக்காரர்கள், அண்டை வீட்டுக்காரர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும் அம்மா கார்னர்-பேக்கின் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரன்) தாயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அதனால் அவனை விமர்சிப்பதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள். இறுதிப் போட்டியில் தோற்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே தோற்றால் அடுத்த வருடம் எந்தப் பிரிவில் ஆடுகிறோம் என்பதே மாறிவிடும், அதிலிருந்து திரும்ப எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த பயம் ஆட்டத்தில் தெரியும். அழகான ஹர்லிங் எதிர்பார்க்காதீர்கள், பந்தைவிட ஆட்களை அதிகம் பார்ப்பீர்கள்.

கடைசியாக, யாரை ஆதரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நகரத்தில் வீடு என்றால் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ், டிக்ஸ்பரோ, ஓ'லாக்லின் கேல்ஸ் என்று மூன்று இருக்கின்றன. நீங்களாக யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த சில வாரத்தில் யாராவது ஒருவர் கையில் சின்ன ஹர்லியும் ஹெல்மெட்டும் கொடுத்துவிடுவார்கள், அதோடு முடிவாகிவிடும். எங்கள் வீட்டில் மகள் கமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்) ஆடப் போன இடம்தான் எங்கள் கிளப். எது என்று இங்கே எழுத மாட்டேன், என் அலுவலகத்தில் மற்ற இரண்டு கிளப்புக்காரர்களும் இருக்கிறார்கள்.