கைலி சொல்லாத கணக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 52. யாங்கோனில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். உயரம் ஐந்தரை அடி, எடை 180 பவுண்டு. நான்கு மாதம் முன்பு கிளினிக்கில் பிரஷர் 160/100 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 130க்கு வந்தது. குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். இப்போது மறுபடி ஏறுகிறது. மெஷின் வாங்கி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண். அப்பா பக்கவாதத்தில் போனவர். எடையைக் குறைத்து, மாத்திரை இல்லாமல் தப்பிக்க முடியாதா?

கே., யாங்கோன்

அன்புள்ள கே.,

கடையில் ஸ்டெபிலைசர் விற்பீர்கள்தானே? வாங்கிப்போனவர் ஒரு மாதம் கழித்து, "வோல்டேஜ் இப்போது சரியாக இருக்கிறது, இது இனி எதற்கு?" என்று கழற்றிக்கொண்டு வந்தால் என்ன சொல்வீர்கள்? அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். 130 வந்தது மாத்திரையால். பழைய அட்டையில் மிச்சமிருப்பதை எடுத்து நீங்களாகவே தொடங்க வேண்டாம். கொடுத்த டாக்டரிடமே போய், நிறுத்திவிட்டேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவார். நானும் வாங்கியிருக்கிறேன்.

எடை குறைந்தால் பிரஷர் குறையும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் பிரஷரின் மேல் எண் (உங்கள் 160) ஏறக்குறைய ஒன்று இறங்கும். 10 கிலோ, அதாவது 22 பவுண்டு குறைத்தாலும் 160 என்பது 150 பக்கம்தான் வரும். அதற்கே பல மாதம் ஆகும். அதுவரை ரத்தக் குழாய்க்கு யார் பதில் சொல்வது? இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். எடை இறங்கிய பிறகு மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் பார்ப்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் கைலியிலேயே காலம் ஓடியது. கைலிக்கு அளவு கிடையாது. வயிறு ஒரு அங்குலம் வளர்ந்தால் முடிச்சு ஒரு அங்குலம் தள்ளிக்கொள்ளும், அவ்வளவுதான். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பழைய கால்சட்டையை எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தும் பட்டனுக்கும் துளைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. வீட்டுக்காரி டேப்பைப் போட்டாள்: 39 அங்குலம். நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், சுமார் முப்பத்தைந்தரை அங்குலம்தான் எல்லை.

அப்புறம் அந்த மெஷின். கல்லாவில் உட்கார்ந்து, வாயில் வெற்றிலையும் காதில் போனுமாகப் பார்த்தால் ஏழு முறைக்கு ஏழு எண் வரத்தான் செய்யும். காலையிலும் மாலையிலும் மட்டும் பாருங்கள். அதற்கு அரை மணி முன்பு டீ, சிகரெட், வெற்றிலை வேண்டாம். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்து நோட்டை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு தனிச் சிக்கல்: இரண்டு ஊர் உப்பும் ஒரே தட்டில் விழுகிறது. குழம்பு, ஊறுகாய், அப்பளம் நம்முடையது. பக்கத்தில் பர்மிய ஙப்பி, அதாவது உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது; காலையில் மீன் சாஸ் ஊற்றிய மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. நான் ஙப்பியை விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டேன், ஙப்பி வாரம் ஒருநாள். டீக்கடையில் கண்டென்ஸ்டு பால் டீ நாலு குடித்தவன் இப்போது ஒன்றோடு நிறுத்தி, மேசைமேல் சும்மா வைத்திருக்கும் வெறும் டீயை ஊற்றிக்கொள்கிறேன். முதல் வாரம் கடைக்காரப் பையன் என்னைக் கஞ்சன் என்றே நினைத்திருப்பான்.

கால்சட்டை பீரோவில்தான் தொங்குகிறது. மாதம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றரை விரல் பாக்கி.