கம்பி முழுசா இருக்கு, வீடியோ ஏன் சுத்துது?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் மூன்று அறைகளை, நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு விடுகிறோம். ரூட்டர் வாசல் ரேழியில் இருக்கிறது. கேபிள் இழுத்துப் பின்கட்டில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (ரூட்டரின் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டினோம். போனில் சிக்னல் கம்பி முழுசாகக் காட்டுகிறது. வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாட்டிக் கொடுத்த கடைக்காரரோ, "அட்வான்ஸ்டு செட்டிங் போடணும் சார், 1,500 ரூபாய் தனி" என்கிறார். பெட்டியின் சிக்னல் பவர் ஏற்கெனவே 'ஹை'யில்தான் இருக்கிறது. பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பவரை 'மீடியம்' ஆக்குங்கள். பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கம்பிகள் காட்டுகின்றன. போன் சொல்லும் பதில் பெட்டிக்கு எட்ட வேண்டாமா? திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் அலறுவது நாலு தெருவுக்குக் கேட்கும். நாம் திருப்பிக் கத்தினால் மேடைக்குக் கேட்காது. ரேழி ரூட்டரும் 'ஹை'யில் இருந்தால் அதையும் குறையுங்கள். இல்லாவிட்டால் பின்கட்டுக்குப் போன பிறகும் போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது சேனல், அதாவது வைஃபை பேசும் தடம். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. முன்னாடி 1 என்றால் பின்னாடி 11 வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் வேகம் கூடும் என்று பெட்டியின் அட்டையில் போட்டிருப்பார்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் அண்டை வீட்டு வைஃபையோடு மல்லுக்கட்டத்தான் அது உதவும். இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை எதையாவது வையுங்கள். 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்கிடும் அலைவரிசை. ரேடார் தென்பட்டால் பெட்டி அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும், இணைப்பும் அறுபடும்.

பழைய சுண்ணாம்புச் சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் ரொம்பத் திணறும். ஆகவே ஆக்சஸ் பாயிண்டை அறைக்குள் வைக்காமல், கதவுகள் திறக்கும் பின்கட்டுத் தாழ்வாரத்தில், சாரல் படாத உயரத்தில் மாட்டுங்கள். எந்த செட்டிங்கையும் விட இது அதிகம் பலன் தரும்.

'ஆபரேஷன் மோடு' ஆக்சஸ் பாயிண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டர் மோடிலேயே விட்டிருந்தால் இரண்டாவது பெட்டியும் போன்களுக்குத் தனியாக ஐபி முகவரி (வலையில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுக்க ஆரம்பிக்கும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைக்கலாம். பாதுகாப்பு டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3. டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறை வேண்டாம், அதைத் தேர்ந்தெடுத்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. வீடியோ, பேச்சு போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம்மை அணைத்தாலும் இதே கதிதான். பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனை அழுத்தியே இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பீக்கன் இன்டர்வல் 100, ஆர்டிஎஸ் 2347 என்று இருப்பவை இருந்தபடி இருக்கட்டும்.

வெளியாட்கள் தங்குகிறார்கள், எனவே கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) அவசியம். ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் சில மாடல்களில் அது வீட்டு இணைப்பிலிருந்து பிரிவதே இல்லை. கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து உங்கள் சிசிடிவி ரெக்கார்டரின் ஐபி முகவரியைத் தட்டிப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் பிரியவில்லை என்று அர்த்தம்.

இனி கடைக்காரர் விஷயம். மாட்டும் கூலியை வாங்கியவர் வேலை செய்யும்படி மாட்டித் தர வேண்டும். பில்லில் அந்தக் கூலி இருந்தால் அதைக் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். மறுத்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாவிட்டால் பேசித் தீர்ப்பதே நல்லது. எப்படியானாலும் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை அவரிடமிருந்து வாங்கி, உடனே மாற்றிவிடுங்கள். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.